ரைனோவில் ஃப்ளோ செய்த டிசைன் கோணிக்கொண்டால்: அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

தட்டையாக வரைந்த கொடியையோ பூவையோ வலைப்பின்னலையோ மோதிரத்தின் மேல், வளையலின் மேல், பெண்டன்டின் குமிழ் மேல் வளைத்து உட்கார வைக்க, நகை டிசைனர்கள் ரைனோ என்ற 3டி மென்பொருளில் நம்பியிருக்கும் கட்டளை ஃப்ளோ அலாங் சர்ஃபேஸ். பேச்சில் வெறும் ஃப்ளோ. மேட்ரிக்ஸ்கோல்டு என்ற நகை டிசைன் மென்பொருளும் ரைனோவின் மேல்தான் ஓடுகிறது என்பதால் கீழே இருப்பது அதற்கும் பொருந்தும்.

இதற்கு இரண்டு தளங்கள் வேண்டும். டிசைன் எதன் மேல் தட்டையாகக் கிடக்கிறதோ அது பேஸ். எதன் மேல் வளைந்து உட்கார வேண்டுமோ அது டார்கெட். என்னிடம் "டிசைன் கோணிக்கொண்டது, பார்த்துக் கொடுங்கள்" என்று வரும் ஃபைல்களைத் திறந்தால், டிசைனில் பெரும்பாலும் எந்தக் கோளாறும் இருப்பதில்லை. பேஸிலோ டார்கெட்டிலோதான் இருக்கிறது. ஆனால் எல்லோரும் முதலில் கை வைப்பது டிசைனில். இதழை இழுக்கிறார்கள், கொடியைத் திரும்ப வரைகிறார்கள், மறுபடி ஃப்ளோ செய்கிறார்கள், அதே கோணல் அதே இடத்தில் வருகிறது. எந்த அறிகுறியாக இருந்தாலும் டிசைனை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் தளங்களைப் பாருங்கள்.

## எதற்கும் முன்னால்: சோதனைத் துண்டு

பேஸின் ஒரு மூலையில் எல் வடிவத்தில் சின்னக் கட்டி ஒன்று வையுங்கள். ஒரு கை 3 மி.மீ., இன்னொரு கை 1.5 மி.மீ., உயரம் 0.5 மி.மீ. மூன்று அளவும் வேறு வேறாக இருப்பதால், போய் உட்கார்ந்த பிறகு எந்தத் திசை எங்கே திரும்பியது என்று ஒரே பார்வையில் தெரியும். அப்புறம் பேஸ் முழுக்க 1 மி.மீ. விட்டமுள்ள வட்டங்களை வரிசையாகப் பரப்புங்கள். இவற்றை மட்டும் முதலில் ஃப்ளோ செய்யுங்கள். வட்டம் எங்கே நீள்வட்டமாகிறதோ அங்கே உங்கள் டிசைனும் அதே அளவு இழுபடும்.

ஃப்ளோ கட்டளையின் காப்பி தேர்வை எஸ் (Yes) என்றே வைத்திருங்கள். தட்டையான அசல் தனி லேயரில் இருக்கட்டும். அசலை அழித்துவிட்டு வளைந்ததை மட்டும் வைத்திருக்கும் ஃபைலைச் சரிசெய்வது கடினம், பெரும்பாலும் முதலிலிருந்துதான் வரைய வேண்டும்.

## அறிகுறி: டிசைன் இடவலமாகத் திரும்பியிருக்கிறது, அல்லது 90 டிகிரி படுத்துவிட்டது

க்ளிக் செய்த இடம். பேஸையும் டார்கெட்டையும் தேர்ந்தெடுக்கும்போது தளத்தின் எந்த மூலைக்குப் பக்கத்தில் க்ளிக் செய்கிறீர்களோ, அந்த மூலைகளைத்தான் ரைனோ ஒன்றோடொன்று சேர்க்கிறது. பேஸில் கீழ் இடது மூலையைத் தொட்டால் டார்கெட்டிலும் அதற்கு இணையான மூலையையே தொட வேண்டும். நடுவில் எங்கேயோ தொட்டுவிட்டுத் திசை சரியாக வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்த அறிகுறியோடு வரும் ஃபைல்களில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும்.

டார்கெட் மூடிய வளையமாக இருந்தால். மோதிரத்தின் வெளித்தளத்தில் மூலையே கண்ணுக்குத் தெரியாது. அங்கே மூலை என்பது சீம் கோடு, அதாவது தளத்தின் இரு முனைகள் சேரும் கோடு, ஓரத்தைத் தொடும் இடம். ஷோ எட்ஜஸில் எல்லா ஓரங்களையும் காட்டச் சொன்னால் சீம் தெரியும். அது மோதிரத்தின் முகப்பில் வந்து நின்றால் சர்ஃபேஸ் சீம் கட்டளையால் அடிப்பக்கம், விரலின் உள்ளங்கைப் பக்கமாக, நகர்த்திவிடுங்கள். டிசைனின் ஆரம்பமும் முடிவும் சந்திக்கும் இடம் அங்கே போனால் கண்ணில் படாது.

அப்படியும் திரும்பியே வந்தால் டிர் கட்டளையில் யூ, வி என்னும் தளத்தின் நீள, அகலத் திசைகளைப் பாருங்கள். இரண்டும் மாறியிருந்தால் அங்கேயே ஸ்வாப் செய்யலாம்.

## அறிகுறி: டிசைன் வெளியே எழும்பாமல் உள்ளே புதைந்துவிட்டது

நார்மல், அதாவது தளத்தின் வெளிப்பக்கம் எது என்று காட்டும் திசை, தலைகீழாக இருக்கிறது, அவ்வளவுதான். டிர் கொடுத்தால் அம்புகள் தெரியும். பேஸில் மேல்நோக்கியும், டார்கெட்டில் மோதிரத்துக்கு வெளியேயும் இருக்க வேண்டும். தப்பாக இருப்பதை ஃப்ளிப் செய்து மறுபடி ஓட்டுங்கள்.

அம்பு சரியாக இருந்தும் புதைந்தால் பேஸின் உயரத்தைப் பாருங்கள். டிசைனின் அடி பேஸுக்கு 0.3 மி.மீ. கீழே இருந்தால் டார்கெட்டிலும் 0.3 மி.மீ. உள்ளேதான் இருக்கும். இதை வேண்டுமென்றே செய்வதும் உண்டு. மோதிரத்தோடு யூனியன் செய்து ஒரே பொருளாக்கும்போது டிசைன் சற்றுப் புதைந்திருந்தால்தான் அந்த இணைப்பு (பூலியன்) ஒழுங்காக வரும்.

## அறிகுறி: இழுபட்டிருக்கிறது, நசுங்கியிருக்கிறது

அதிகம் வருவதும் அதிகம் குழப்புவதும் இதுதான். எங்கே இழுபட்டிருக்கிறது என்பதை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

டிசைன் முழுக்க ஒரே சீராக இழுபட்டிருந்தால் பேஸின் அளவு தப்பு. ஃப்ளோ, பேஸ் முழுவதையும் டார்கெட் முழுவதோடு பொருத்தும், உங்கள் மி.மீ. கணக்கைப் பார்க்காது. உள்விட்டம் 17 மி.மீ., கனம் 1.5 மி.மீ. உள்ள மோதிரத்துக்கு வெளிவிட்டம் 20 மி.மீ., சுற்றளவு 62.8 மி.மீ. பலர் பேஸை உள்விட்டத்தில் கணக்கிட்டு 53.4 மி.மீ. நீளத்துக்கு வரைந்துவிடுகிறார்கள். அப்போது டிசைன் நீளவாக்கில் கிட்டத்தட்ட 18 சதவீதம் இழுபடும். அகலத்திலும் இதே தப்பு நடக்கிறது: குவிந்த மோதிரத்தின் அகலத்தை நேர்கோட்டில் அளக்கிறார்கள், வளைவின் மேலே போகும் நீளத்தைத்தான் எடுக்க வேண்டும். ஐசோகர்வை, அதாவது தளத்தின் மேல் ஓடும் கோட்டை, வெளியே எடுத்து லெங்த் கொடுத்தால் சரியான எண் கிடைக்கும். க்ரியேட் யூவி கர்வ் கட்டளை தருகிற செவ்வகத்தின் மேல் பேஸ் தளம் போட்டுக்கொண்டாலும் பெரும்பாலான வேலைக்குப் போதும்.

அடியில் சரியாக இருக்கிறது, மேலே விரிந்திருக்கிறது என்றால் அது கோளாறு இல்லை, வளைவின் இயல்பு. அதே 20 மி.மீ. மோதிரத்தின் மேல் 1.2 மி.மீ. உயர இதழ் நின்றால், இதழின் உச்சி இருக்கும் வட்டத்தின் விட்டம் 22.4 மி.மீ. அடியை விட 12 சதவீதம் அதிகம். அடியில் கச்சிதமாக இருக்கும் இதழ்கள் மேலே அந்த அளவுக்கு விரிந்து தெரியும். கண் பார்ப்பது மேல்பக்கத்தைத்தான். அதனால் தட்டையில் வரையும்போதே இதழின் மேல்பகுதியைச் சுற்றுவாக்கில் அந்த அளவுக்குக் குறுக்கி வைத்துவிடுங்கள். இன்னொரு வழி, பேஸை அடியில் வைக்காமல் டிசைனின் பாதி உயரத்தில் வைத்து, டார்கெட்டையும் 0.6 மி.மீ. ஆஃப்செட் செய்துகொள்வது. பேஸின் நீளத்தையும் அந்த ஆஃப்செட் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். இழுப்பு மேலும் கீழும் பங்கிடப்பட்டு ஒரு பக்கமாகத் தெரியாது. உயரமான டிசைன் எல்லாவற்றுக்கும் நான் இதைத்தான் செய்கிறேன்.

ஒரு பக்கம் நெருங்கி, இன்னொரு பக்கம் அகன்றிருந்தால் டார்கெட்டின் உள்கட்டமைப்பு சீரில்லை. ஸ்வீப்பிலோ லாஃப்டிலோ செய்த தளங்களில் வடிவத்தைத் தாங்கும் கன்ட்ரோல் பாயின்ட்கள் ஒரு பக்கம் குவிந்திருக்கும். பாயின்ட்ஸ் ஆன் கொடுத்துப் பார்த்தால் வெறும் கண்ணுக்கே தெரியும். ஐசோகர்வ்களின் இடைவெளியும் காட்டிக்கொடுக்கும். டார்கெட்டை ஒரு நகல் எடுத்து ரீபில்ட் செய்யுங்கள், டிகிரி 3, பாயின்ட் 16 முதல் 24 வரை போதும். ரீபில்ட் பெட்டியிலேயே கால்குலேட் அழுத்தினால் அசலிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும். விலகல் 0.01 மி.மீ.க்குள் இருந்தால் அந்த நகலையே டார்கெட்டாக வைத்து ஓட்டலாம். உண்மையான மோதிரத்தைத் தொட வேண்டியதில்லை. வழிகாட்ட ஒரு தளம், காஸ்டிங்குக்குப் போக ஒரு தளம் என்று இரண்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

ஒரு புள்ளியை நோக்கிச் சுருங்கினால் டார்கெட் ரிவால்வில், அதாவது ஒரு கோட்டை அச்சைச் சுற்றிச் சுழற்றி, செய்த குமிழ். அதன் உச்சியில் ஒரு ஓரம் முழுவதும் ஒரே புள்ளியாகச் சுருங்கியிருக்கிறது. செவ்வகப் பேஸின் ஒரு முழு ஓரமும் அங்கே போய்க் குவியும். இதற்கு இரண்டு வழி. கொடி, எழுத்து போன்ற டிசைன் என்றால் குமிழின் மேல் ட்ரேப் கட்டளையால் நான்கு ஓரமுள்ள தளம் ஒன்றைப் போர்த்தி அதை டார்கெட்டாக்குங்கள். தாமரை, சக்கரம் மாதிரி வட்டமான டிசைன் என்றால் பேஸையும் ரிவால்வில் செய்யுங்கள்: ஆரத்தின் நீளத்தில் ஒரு நேர்கோடு, அதை 360 டிகிரி சுற்றினால் தட்டையான வட்டு. அதன் நடுவிலும் அதே மாதிரி சுருங்கிய புள்ளி இருப்பதால் நடு நடுவோடு பொருந்தும். ஒரு இதழை மட்டும் ஃப்ளோ செய்து, மீதியை அரே போலாரில் (சுற்றிலும் நகலெடுக்கும் கட்டளை) சுற்றுங்கள். உச்சியில் வரும் மொட்டைத் தனியாக வைத்துவிடலாம்.

யாரிடம் கொடுப்பது. இவ்வளவும் பார்த்த பிறகும் வட்டங்கள் நீள்வட்டமாகவே வந்தால் டார்கெட் இரண்டு திசையிலும் கடுமையாக வளைகிறது என்று அர்த்தம். அதைத் துண்டுகளாகப் பிரித்து நான்கு ஓரத் தளங்களாகத் திரும்பக் கட்ட வேண்டும். சர்ஃபேஸ் மாடலிங்கே தொழிலாக வைத்திருப்பவரிடம் டார்கெட்டை மட்டும் கொடுத்துச் செய்து வாங்குங்கள். டிசைனைத் தர வேண்டியதில்லை.

## அறிகுறி: டிசைன் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நிற்கிறது

டார்கெட் ட்ரிம் செய்த தளம். கண்ணுக்குத் தெரிவது வெட்டிய பகுதி மட்டும்தான், ஃப்ளோ எடுத்துக்கொள்வது வெட்டாத முழுத் தளத்தை. பாயின்ட்ஸ் ஆன் கொடுங்கள். பாயின்ட்கள் விளிம்புக்கு வெளியே பரந்து கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஷ்ரிங்க் ட்ரிம்ட் சர்ஃபேஸ் கொடுத்தால் முழுத் தளம் விளிம்புக்குப் பக்கத்தில் சுருங்கிவிடும். விளிம்பு இலை வடிவத்திலோ மாங்காய் வடிவத்திலோ இருந்தால் சுருங்கினாலும் செவ்வகமாகத்தான் சுருங்கும், மூலைகள் வெளியேதான் இருக்கும். அப்போது க்ரியேட் யூவி கர்வ் எடுங்கள். முழுத் தளத்தின் செவ்வகமும், அதற்குள் உங்கள் மாங்காயின் வெட்டுக்கோடும் சேர்ந்தே வரும். செவ்வகம் பேஸ், வெட்டுக்கோட்டுக்குள் டிசைன். கச்சிதமாக உட்காரும்.

டார்கெட்டை ரைனோ தேர்ந்தெடுக்கவே விடவில்லை அல்லது ஒரு துண்டை மட்டும் எடுக்கிறது என்றால் அது பல தளங்கள் சேர்ந்த பாலிசர்ஃபேஸ். ஃப்ளோவுக்கு ஒரே தளம் வேண்டும். ஓரங்கள் அனுமதித்தால் மெர்ஜ் சர்ஃபேஸ், இல்லையென்றால் மேலே போர்த்தியது போல ஒரு வழிகாட்டித் தளம்.

## அறிகுறி: கல் நீள்வட்டமாகிவிட்டது, கல்லைப் பிடிக்கும் பிராங் சாய்ந்துவிட்டது

கல்லை ஒருபோதும் வளைக்கக் கூடாது. 1.5 மி.மீ. ரவுண்ட் கல் திரையில் 1.5க்கு 1.62 ஆக இழுபட்டால் அந்த அளவில் கல் கடையில் கிடைக்காது. ஃப்ளோவின் ரிஜிட் தேர்வுக்கு எஸ் கொடுத்தால் கற்கள் இடம் மாறும், திரும்பும், உருவம் மாறாது.

ஆனால் ரிஜிட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒவ்வொரு பொருளும் தன் இடத்துக்கு ஏற்பத் தனித்தனியாகத் திரும்பும். கல்லும் அதன் நான்கு பிராங்குகளும் தனித்தனிப் பொருள்கள் என்றால் ஒவ்வொன்றும் சற்று வேறு கோணத்தில் நிற்கும். வளைவு கடுமையான இடத்தில் பிராங் கல்லை விட்டு விலகும், அல்லது கல்லுக்குள் போகும். அதனால் கற்களை மட்டும் ஃப்ளோவில் கொண்டுபோய் வையுங்கள். பிராங், சீட், துளை எல்லாவற்றையும் கல் உட்கார்ந்த பிறகு அதன் மேலேயே போடுங்கள். கற்கள் குறைவு என்றால் ஓரியன்ட் ஆன் சர்ஃபேஸில் ஒவ்வொன்றாக வைப்பதே பாதுகாப்பு.

டெம்பிள் நகைகளில் வரும் லட்சுமி முகப்புக்கும் இதையே சொல்வேன். கொடியும் மயிலும் சற்று வளைந்தால் யாருக்கும் தெரியாது, முகம் வளைந்தால் உடனே தெரியும். முகத்தை ரிஜிட்டாக வைத்து, அடிப்பகுதியை மட்டும் தளத்தோடு சேர்த்துக் கட்டுங்கள்.

கற்களுக்கு நடுவே இடைவெளி மாறிவிட்டதா என்று சந்தேகம் வந்தால், மெழுகு எடுப்பதற்கு முன்னால் கல் பதிப்பவரிடம் காட்டுங்கள். தங்கம் ஊற்றிய பிறகு காட்டுவதால் பயன் குறைவு.

## அறிகுறி: சாலிட் திறந்துகொண்டது

ஃப்ளோவுக்கு முன் மூடிய சாலிட், பின்னால் திறந்த பாலிசர்ஃபேஸ். ஷோ எட்ஜஸில் நேக்கட் எட்ஜைத் தேர்ந்தெடுத்தால் பிரிந்த ஓரங்கள் நிறத்தில் தெரியும். வரிசையாகப் பாருங்கள்.

டாலரன்ஸ். நகை வேலைக்கு அப்சல்யூட் டாலரன்ஸ் (ரைனோ அனுமதிக்கும் பிழையளவு) 0.001 மி.மீ. இருக்க வேண்டும். பெரிய பொருள்களுக்கான டெம்ப்ளேட்டில் ஃபைலைத் தொடங்கினால் இது தளர்வாக இருக்கும். ஒன்றை நினைவில் வையுங்கள்: டாலரன்ஸை இப்போது இறுக்கினால் ஏற்கெனவே கட்டிய ஓரங்கள் இறுகாது. அசலைப் பிரித்து மறுபடி ஜாயின் செய்து, புது டாலரன்ஸில் மூடிய சாலிடாக வருகிறதா என்று பார்த்து, அதன் பிறகு ஃப்ளோ செய்ய வேண்டும்.

ப்ரிசர்வ் ஸ்ட்ரக்சர். ஃப்ளோவின் இந்தத் தேர்வு எஸ்ஸில் இருந்தால் இருக்கிற கன்ட்ரோல் பாயின்ட்களை மட்டும் நகர்த்தும். பக்கத்துப் பக்கத்துத் தளங்களில் பாயின்ட் எண்ணிக்கை வேறு வேறாக இருந்தால் இரண்டும் வேறு வேறு மாதிரி வளையும், ஓரம் பிரியும். நீளமான பட்டை வளையாமல் நேராக, தளத்தை வெட்டிக்கொண்டு போவதற்கும் இதுவே காரணம். நோ கொடுங்கள். ஃபைல் கனமாகும், ஓரம் ஒட்டும்.

ஃபில்லெட். தட்டையிலேயே ஃபில்லெட் (ஓரத்தை உருட்டுவது) போட்டுவிட்டு ஃப்ளோ செய்த சாலிடுகள்தான் அதிகம் திறந்துகொள்கின்றன. ஃபில்லெட் தளங்கள் மெல்லியவை, ஓரம் அதிகம். ஃபில்லெட் இல்லாமல் ஃப்ளோ செய்து, மூடியிருக்கிறது என்று உறுதியான பிறகு போடுங்கள்.

கோடுகளை மட்டும் ஃப்ளோ செய்வது. மேலே சொன்னது எதுவும் உதவவில்லையா, சாலிடை விட்டுவிடுங்கள். கர்வ்களை மட்டும் டார்கெட்டுக்குக் கொண்டுபோய், அங்கேயே ஸ்வீப், பைப், ஆஃப்செட் என்று கட்டுங்கள். ஒரு நாள் வேலை கூடும். ஆனால் கிடைக்கும் சாலிட் சுத்தமாக இருக்கும், பின்னால் அளவு மாற்றச் சொன்னாலும் தாங்கும். பெரிய வேலை என்றால் இதைக் கடைசி வழியாக வைக்காமல் முதல் வழியாகவே எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

மெஷ்ஷாக மூடுவது. ரைனோ 8இல் ஷ்ரிங்க்ராப் இருக்கிறது. ஓட்டையான மாடலின் மேல் மூடிய மெஷ் (சின்னத் தட்டைத் துண்டுகளால் ஆன வலை) ஒன்றைச் சுற்றிக் கொடுக்கும். பிரின்டுக்கு மட்டும் போதும். கூர்மையான விளிம்புகள் மழுங்கும், அதன் பிறகு வழவழப்பான நர்ப்ஸ் தளமாகத் திருத்த முடியாது.

நேக்கட் எட்ஜ் ஒன்றிரண்டு என்றால் மெழுகு பிரின்ட் எடுப்பவரின் மென்பொருளே பெரும்பாலும் அடைத்துவிடும், கேட்டுப் பாருங்கள். பிரிந்த ஓரங்கள் மாடல் முழுக்க ஓடினால் அவரிடம் அனுப்பாதீர்கள். அடைப்பதாக நினைத்து மென்பொருள் செய்யும் வேலையில் துளைகள் மூடிப்போய், வலை டிசைன் தகடாகிவிடும்.

## அறிகுறி: பள்ளத்தில் கசங்கி, ஒன்றுக்குள் ஒன்று நுழைகிறது

உள்வளைவின் ஆரத்தை விட டிசைனின் உயரம் அதிகம். பள்ளத்தின் ஆரம் 1 மி.மீ., டிசைன் உயரம் 1.5 மி.மீ. என்றால் இரு பக்கத்திலிருந்தும் எழும் சுவர்கள் 1 மி.மீ. உயரத்திலேயே முட்டிக்கொள்ளும். எந்த அமைப்பை மாற்றினாலும் இது போகாது. கர்வேச்சர் அனாலிசிஸில் குறைந்தபட்ச ஆரத்தைக் காட்டும் வகையைத் தேர்ந்தெடுத்தால் எந்தெந்தப் பள்ளம் ஆபத்து என்று நிறமே சொல்லும். அந்த இடத்தில் உயரத்தைக் குறையுங்கள். முடியாவிட்டால் பள்ளத்தை நிரவிய வழிகாட்டித் தளம் ஒன்றைச் செய்து அதன் மேல் ஃப்ளோ செய்யுங்கள். டிசைன் பள்ளத்தின் மேல் பாலமாக நிற்கும். அடியில் உலோகம் நிரம்ப வேண்டுமா, காலியாக விடலாமா என்பதைக் காஸ்டிங் செய்பவர்தான் சொல்ல வேண்டும்.

## அறிகுறி: வழவழப்பாக வளையாமல் பட்டை பட்டையாகத் தெரிகிறது

டிசைன் மெஷ். வேறு மென்பொருளில் செதுக்கி எஸ்டிஎல்லாகக் கொண்டுவந்தது. மெஷ்ஷில் நகர்வது மூலைப்புள்ளிகள் மட்டும், பெரிய முக்கோணம் வளையாது, நேராகவே நிற்கும். வயர்ஃப்ரேமில் பாருங்கள், தட்டையான இடங்களில் முக்கோணங்கள் பெரிதாக இருக்கும். ரைனோ 7 முதல் உள்ள குவாட் ரீமெஷ்ஷில் சீரான சின்னக் கட்டங்களாக மாற்றிவிட்டு ஃப்ளோ செய்யுங்கள். நுணுக்கம் கரைகிறது என்றால், செதுக்கியவரிடமே திரும்பக் கொடுத்து வளைந்த நிலையில் எடுத்துத் தரச் சொல்வது மேல்.

## அறிகுறி: ரைனோ நின்றுவிட்டது, ஃபைல் ஊதிப்போனது

மோதிரத்தின் குறுக்குவெட்டு சுற்றிலும் ஒன்றாகவே இருந்தால் முழு டிசைனையும் ஃப்ளோ செய்யவே வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் ஒரு அலகை மட்டும் ஓட்டி, அரே போலார். பன்னிரண்டு அலகு என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு வேலைதான், எல்லா அலகும் அச்சு மாறாமல் இருக்கும். முகப்பு அகன்று அடியில் குறுகும் மோதிரத்தில் இது செல்லாது. அங்கே பாதியை மட்டும் ஓட்டி மிரர் செய்யுங்கள்.

ஹிஸ்டரி (அசலை மாற்றினால் வளைந்ததும் தானே மாறும் வசதி) போட்டிருந்தால் தட்டையில் கோட்டை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் முழுக் கணக்கும் மறுபடி ஓடும். திருத்தும்போது சோதனை வட்டங்களுக்கும் முக்கியக் கோடுகளுக்கும் மட்டும் ஹிஸ்டரி வையுங்கள். வளைந்து வந்த பொருளை நேரடியாக நகர்த்தினால் ஹிஸ்டரி அறுந்துவிடும். திருத்தம் எல்லாவற்றையும் தட்டையிலேயே முடித்துக்கொண்டு, கடைசியில் ஒருமுறை ஹிஸ்டரி இல்லாமல் முழு டிசைனையும் ஓட்டுங்கள்.